புது பேட்டரி போட்டும் பழைய அம்பாசிடரில் செல்ஃப் எடுக்கவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள், அதாவது என்ஜினிலிருந்து பாடி வழியாக பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும் இணைப்பை. நீங்களும் இதற்குள் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கியிருப்பீர்கள், அந்த வேதனை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் பாலக்கோடு. வண்டி 1986 மாடல் பெட்ரோல் அம்பாசிடர், அப்பா தக்காளி மண்டி வைத்திருந்த காலத்தில் வாங்கியது. டிங்கரிங், பெயிண்டிங் முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றே மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போச்சு என்றார்கள், மாற்றினேன். செல்ஃப் மோட்டார் என்றார்கள், கழற்றி கார்பன் பிரஷ் போட்டேன். புது பேட்டரியும் இறங்கியது.

சேலத்தில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏறியதும் டீ குடிக்க நிறுத்தினோம். அப்புறம் வண்டி எடுக்கவில்லை. நான் விடாமல் செல்ஃப் அடிக்க, டேஷ்போர்டுக்குக் கீழே கருகும் நாற்றம். குளிர்ந்த என்ஜினை எடுக்க இழுக்கும் சோக் குமிழைத் தொட்டால் கை சுட்டது. கேபிள் உறையிலிருந்து புகை. "சோக்குக்கும் கரண்டுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார் அப்பா. அந்தக் கேள்விதான் வழி காட்டியது.

என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு செம்புப் பின்னல் பட்டை இருக்கும். பெயிண்ட் அடித்தவர் அந்த இடத்திலும் பூசி, பூச்சின் மேலேயே பட்டையை முறுக்கியிருந்தார். போல்ட் மரை வழியாகக் கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. துரு ஏறியதும் அதுவும் போய், கரண்ட் என்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் உலோகக் கம்பியான சோக் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் அதே எர்த் என்பதால் சார்ஜும் சரியாக ஏறவில்லை. கேட்டதற்கு அந்தப் பட்டறைக்காரர், "வயசான வண்டி அப்படித்தான்" என்றார். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இதை அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். அளக்கும்போது என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் (கிளாம்பில் அல்ல) மறுமுனையை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 3-க்கு மேல் காட்டியது. ஓம்ஸில் பார்த்தால் போதாதா என்று கேட்க யாராவது வருவார்கள். 0.02 ஓம் தடையைச் சாதாரண மீட்டர் நம்பும்படி காட்டாது. 150 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 3 வோல்ட் போய்விடும்.

உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பட்டையை இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது.

   

உங்கள் வண்டியில் எர்த் பக்கம் 0.5-க்குள் வந்தால், பேட்டரியின் பிளஸ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரில் கேபிள் சேரும் போல்ட்டுக்கும் நடுவே இதே மாதிரி அளந்து, என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள்.