தரங்கம்பாடிய நடந்து பாக்கலாமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

தரங்கம்பாடி நடைக்கு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீங்க, ஒண்ணொண்ணா சொல்றேன்.

கேள்வி: அண்ணா, மயிலாடுதுறைல இருந்து வர்றோம், எங்க ஆரம்பிக்கிறது?

நகர வாசல்ல இருந்து தம்பி. 1792ல டேனிஷ்காரங்க, அதாவது டென்மார்க் நாட்டுக்காரங்க கட்டுன வெள்ளை வாசல். அதுக்குள்ள வண்டியும் போகும்தான், ஆனா வெளியவே நிறுத்திட்டு நடங்க. உள்ள நுழைஞ்சா தெரு நேரா கடலுக்குத்தான் போகுது, நீங்க பாக்கணும்னு நினைக்கிற முக்கால்வாசி இடம் இந்தத் தெருவுலயும் அது போய் முடியிற கரையிலயும்தான் இருக்கு. வேகமா நடந்தா அரைமணி நேரத்துல முடிஞ்சிரும், ஆனா அப்படிப் பண்ணாதீங்க, அரை நாள் ஒதுக்குங்க.

கேள்வி: ஒரே தெருவுல எதுக்கு ரெண்டு சர்ச்?

1701ல கட்டுன சீயோன் ஆலயம் டேனிஷ்காரங்க தங்களுக்காகக் கட்டிக்கிட்டது. புது எருசலேம் ஆலயம் 1718, ஜெர்மனில இருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயர் தமிழ் சபைக்காகக் கட்டுனது, அதுக்கு முன்னாடி 1707ல கட்டுன எருசலேம் ஆலயத்த கடல் கொண்டுபோயிருச்சு, அதான் பேருல "புது". கட்டி முடிச்ச அடுத்த வருஷமே அவர் இறந்துட்டாரு, வயசு 36தான், உள்ளயே அடக்கம் பண்ணியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை நடக்கும்போது மட்டும் கேமராவ பைக்குள்ள வச்சிருங்க.

கேள்வி: தமிழ்ல முதல் அச்சுப் புத்தகம் இங்கதான் வந்துச்சா சார்?

இல்லைங்க, இத நிறைய பேர் தப்பா சொல்றாங்க. 1578லயே கொல்லத்துல "தம்பிரான் வணக்கம்"ங்கற கிறிஸ்தவப் புத்தகம் அச்சாயிருச்சு. இங்க அச்சானது 1714ல ஆரம்பிச்ச பைபிளோட புதிய ஏற்பாடு. ஆனா அந்தக் கதைய கேளுங்க, ஜெர்மனில ஹாலேங்கற ஊர்ல இருந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்பப் பெருசு, பேப்பரா தின்னுச்சு, கப்பல்ல வர்ற பேப்பர் எவ்வளவு காலம் தாங்கும், அதனால இங்கயே சின்ன எழுத்தா வார்த்தாங்க, பக்கத்துல பொறையாறுல காகித ஆலையே வச்சாங்க. முதல் அச்சுங்கற பட்டத்த விட இந்தப் பாடுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

கேள்வி: கோட்டைக்குள்ள என்னதான் இருக்கு? போட்டோல வெறும் சுவராத் தெரியுதே.

வெறும் சுவர்னு சொல்லாதீங்கம்மா. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரங்களோட போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டை இது, நாயக்கர் தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதுன ஓலை இன்னும் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு. உள்ள மியூசியம் இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு. கீழ் அறைகளுக்குள்ள போனீங்கன்னா கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க, தலைக்கு மேல செங்கல் வளைவு, வெளிய வெயில் கொளுத்துனாலும் உள்ள குளுகுளுன்னு இருக்கும், காரை உதிர்ந்த இடத்துல செங்கல் தெரியும், கைய வச்சா உப்பு மாதிரி ஒட்டும். 1708ல டேனிஷ் கவர்னர் சீகன்பால்க் ஐயரயே இந்தக் கோட்டைல நாலு மாசம் அடைச்சு வச்சாரு, ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு மோதல். 1845ல இந்த ஊரையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து பன்னெண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க.

கேள்வி: கடலோரக் கோயில் டேனிஷ் காலத்துக்கு முந்தியதா?

ரொம்ப முந்தி. மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 700 வருஷம் தாண்டிடுச்சு. கல்வெட்டுல ஊர் பேர் சடங்கன்பாடி. முன்பக்கத்த அலை அரிச்சு எடுத்துக்கிச்சு. டூர் வர்றவங்க கோட்டையோட திரும்பிப் போறது எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும், ஏன்னா ஊரோட வயசு இங்கதான் இருக்கு.

கேள்வி: அண்ணே, அம்மாவுக்கு முட்டி வலி, எது ரெண்டு மட்டும் காட்டலாம்?

புது எருசலேம் ஆலயமும் கோயிலும். ரெண்டுக்கும் பக்கத்துல வரைக்கும் ஆட்டோ வரும், கோட்டைல படி இருக்கு, வேண்டாம். கோயிலுக்கு விடியக்காலைல கூட்டிட்டுப் போங்க, வெயில் ஏறிட்டா மணல்ல கால் வைக்க முடியாது.