நாலும் ஒன்பதும்

கேள்வி: அனிமே பார்க்கும்போது நான்கை ஒருவர் ‘ஷி’ என்கிறார், இன்னொருவர் ‘யோன்’ என்கிறார். எது சரி? ஜப்பானியர் 4-ஐ ஏன் ஒதுக்குகிறார்கள்?

பதில்: இரண்டுமே சரி. ‘ஷி’ சீனத்திலிருந்து வந்த ஒலி. ‘மரணம்’ என்ற சொல்லுக்கும் அதே ஒலிதான். எழுத்து மட்டும் வேறு. அதனால் தனியாக எண்ணும்போது பெரும்பாலும் ‘யோன்’ என்பார்கள். ஆனால் ஏப்ரல் மாதம் எப்போதும் ‘ஷிகட்சு’. நான்கு மணி ‘யோஜி’. இவற்றை மனப்பாடம் செய்வதே வழி.

9-க்கு உள்ள ‘கு’ என்ற ஒலி, துன்பத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும். 42-ஐ ‘ஷி-நி’ என்று படித்தால் ‘சாவு’ என்று காதில் விழும். வாகனப் பலகைகளில் 42, 49 என முடியும் எண்களை, கேட்டு வாங்கினாலொழிய, தருவதில்லை.

திருமணத்துக்குப் பணம் வைப்பவர்கள், இரண்டாகப் பிரியாதபடி தாள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதை விரும்புவார்கள். நண்பர்கள் வழக்கமாக வைப்பது 30,000 யென், அதாவது மூன்று 10,000 தாள்கள். 20,000 வைக்க நேர்ந்தால், ஒரு 10,000 தாளும் இரண்டு 5,000 தாள்களுமாக மூன்று தாள்கள் ஆக்கிவிடுவார்கள். ஒற்றைப்படைதான் என்றாலும் 9 கூடாது.

இதே எண்கள் சொல்விளையாட்டில் நல்ல பொருளும் தருவது எனக்கு மிகவும் பிடிக்கும். 4649 என்றால் ‘யோ-ரோ-ஷி-கு’, அதாவது ‘தயவு வையுங்கள்’. 39-ஐ ‘சான்-க்யூ’ என்றால், ஆங்கில ‘தேங்க் யூ’ போல ஒலிப்பதால், நன்றி. அதையே ‘மி-கு’ என்றால் 2007-இல் வெளிவந்த குரல் மென்பொருளின் பாடகி ஹட்சுனே மிகு. அதனால்தான் ரசிகர்கள் மூன்றாம் மாதத்தின் ஒன்பதாம் நாளான மார்ச் 9-ஐ மிகு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.