ஜூஸர் வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருடைய மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.1 சதவீதம் என்று வந்தது. சர்க்கரை நோயின் எல்லையில் இருப்பதாகச் சொன்ன மருத்துவர், மருந்து எதுவும் தரவில்லை. உறவினர்கள் சிலர் காலைப் பலகாரத்தை நிறுத்திவிட்டு, ஆப்பிள், பீட்ரூட், கேரட் சேர்த்த ஏபிசி ஜூஸ் குடிக்கிறார்கள். நாங்களும் 15,000 ரூபாய் கொடுத்து, சூடேறாமல் மெல்ல நசுக்கிப் பிழியும் கோல்ட் பிரஸ் ஜூஸர் வாங்கலாமா?
– வாசகி, தேனி

பதில்: உங்கள் கணவருடைய இன்றைய நிலையில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பழத்தை மென்று தின்னும்போது அதன் சர்க்கரை நார்ச்சத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல ரத்தத்தில் கலக்கிறது, வயிறும் நிறைகிறது. ஜூஸரோ அந்த நாரில் பெரும்பகுதியைச் சக்கையென்று ஒதுக்கிவிட்டு, சர்க்கரையை மட்டும் சாற்றில் விட்டுவைக்கிறது. மூன்று ஆரஞ்சுகளை ஒரே மூச்சில் உரித்துத் தின்பவர்கள் குறைவு. அவற்றைப் பிழிந்த சாற்றை யாரும் இரண்டு நிமிடத்தில் குடித்துவிடலாம். அந்த 200 மில்லி சாற்றில், நாம் சீனியே சேர்க்காவிட்டாலும், 16 முதல் 20 கிராம் வரை சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பழச்சாற்றின் சர்க்கரையைக் காபியில் போடும் சீனியோடு ஒரே கணக்கில் வைக்கிறது. அந்தக் கணக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்றும் சொல்கிறது. முழுப் பழத்தின் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. கோல்ட் பிரஸ் முறையில் பிழிந்தாலும் சர்க்கரை குறைவதில்லை, போன நார் திரும்புவதுமில்லை.

காலைப் பலகாரத்துக்குப் பதிலாகச் சாறு என்பது எனக்கு இன்னும் கவலை தருகிறது. அதில் புரதம் மிகக் குறைவு என்பதால் பதினோரு மணிக்கே பசி எடுத்து, கையில் கிடைத்த பிஸ்கட்டையோ வடையையோ தின்ன நேரிடும். இரண்டு இட்லியும் காய் நிறைந்த சாம்பாரும், நடுவில் ஒரு கொய்யாப் பழமோ சிறிது சுண்டலோ அவருக்கு எவ்வளவோ மேல். 100 கிராம் கொய்யாவில் சுமார் 5 கிராம் நார் உண்டு. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்து உடலில் சேரக் கொழுப்பு தேவை என்பதால், எண்ணெயில் தாளித்துத் தேங்காய் தூவிய பொரியல் வெறும் சாற்றைவிட நன்மை தரும்.

மென்று தின்ன இயலாத முதியவர் வீட்டில் இருந்தால், பழத்தை மிக்ஸியில் அரைத்து வடிகட்டாமல் கொடுங்கள். அதற்கென்று புதிய இயந்திரம் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் மிகுந்த சாறுகளையும், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பச்சைப் பசலைக்கீரைச் சாற்றையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

காலையில் சுரைக்காய்ச் சாறு குடிக்கும் பழக்கமும் பரவியிருப்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். கசக்கும் சுரைக்காயிலுள்ள குக்கர்பிட்டசின் என்னும் நச்சு கடுமையான வாந்தியையும் ரத்தப்போக்கையும் உண்டாக்கும். நம் நாட்டில் அதனால் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. பிழிவதற்கு முன் சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள்.