விக்மோர் பிரபுவும் அவர் குடும்பமும்: வாசகர் கேள்வி-பதில்

லண்டன் கோபுரச் சிறையிலிருந்து தப்பியவர்கள் யாராவது உண்டா என்ற கேள்விக்குச் சென்ற இதழில் பதில் எழுதியபோது, 1323-இல் தப்பிய ரோஜர் மார்டிமர் என்ற எல்லைப்புறப் பிரபுவை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான்.

கேள்வி: மார்டிமர் எல்லைப்புறப் பிரபு என்றால், இங்கிலாந்தின் மற்ற பிரபுக்களிடமிருந்து அவர் எவ்வகையில் வேறுபட்டவர்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இங்கிலாந்துக்குள் ஒரு பிரபு எவ்வளவு பெரிய நிலக்கிழாராக இருந்தாலும் அரசரின் ஷெரிஃப் என்ற மாவட்ட அதிகாரி அவருடைய எல்லைக்குள் நுழையலாம், அரசரின் நீதிமன்றம் அவரை விசாரிக்கலாம். வேல்ஸை ஒட்டிய எல்லைப்பகுதியில் அப்படியில்லை. 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர்களில் சிலர், அதன் பின் வேல்ஸ் பக்கம் தம் சொந்த வாள் பலத்தால் நிலம் பிடித்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள், அந்த நிலத்தின் நீதியும் தம்முடையதே என்று கடைசிவரை வாதாடினார்கள். அரசரின் ஆணை ஓலை அங்கே செல்லாது. நீதிமன்றம் நடத்துவதும் கோட்டை கட்டுவதும், ஏன், அண்டைப் பிரபுவின் மீது படையெடுப்பதும்கூடத் தம் உரிமை என்றே அவர்கள் கருதினார்கள். எட்டாம் ஹென்றியின் 1536-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

ஹெரிஃபோர்ட்ஷையரின் விக்மோர் கோட்டையில் வேரூன்றிய மார்டிமர் குடும்பம், எதிரிகளாக இருந்த வேல்ஸ் இளவரசர்களோடு கொள்வினை கொடுப்பினையும் வைத்திருந்தது. ரோஜரின் கொள்ளுப்பாட்டி குவ்லாடஸ், மாமன்னர் லிவெலினின் மகள். ஆனால் 1282 டிசம்பரில் அந்த மன்னரின் பேரனான கடைசி லிவெலினைக் கொன்று முடித்த படைநடவடிக்கையில் ரோஜரின் தந்தை எட்மண்டுக்கும் பங்கிருந்தது. உறவு ஒரு பக்கம், நிலம் ஒரு பக்கம் என்று வந்தால் இவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1265-இல் ஈவ்ஷாம் போரில் கிளர்ச்சித் தலைவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட் வெட்டிக் கொல்லப்பட்டபின், அவருடைய தலை விக்மோரில் இருந்த ரோஜரின் பாட்டிக்குப் போர்ப் பரிசாக அனுப்பிவைக்கப்பட்டது. ரோஜர் பிறந்து வளர்ந்த வீடு அது.

கேள்வி: அவருடைய செல்வம் மனைவி வழியாக வந்தது என்று படித்தேன். உண்மைதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாதி உண்மை. விக்மோர் அவருடைய பரம்பரைச் சொத்து. 1304-இல் தந்தை இறந்தபோது ரோஜருக்கு வயது பதினேழு. வயது நிரம்பாத வாரிசின் காப்பாளர் உரிமையை விற்கவும் பரிசளிக்கவும் அக்காலத்து அரசர்களால் முடிந்தது. ரோஜரின் காப்பு உரிமை, பின்னாளில் இரண்டாம் எட்வர்டான இளவரசரின் உற்ற நண்பரான பியர்ஸ் கேவ்ஸ்டனுக்குப் போனது. தம் சொத்தைத் தாமே ஆளுவதற்காக ரோஜர் அவருக்கு 2,500 மார்க் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டார்.

மறுபாதிதான் ஜோன் டி ஜெனவில். 1301-இல் திருமணம் நடந்தபோது மணமகனுக்குப் பதினான்கு வயது, மணமகளுக்குப் பதினைந்து. ஜோனின் தங்கைகள் இருவரும் ஏகன்பரி மடத்தில் கன்னியராகச் சேர்க்கப்பட்டதால் சொத்து துண்டாகாமல் மூத்தவளுக்கே வந்தது. தங்கைகளை மடத்துக்கு அனுப்பிய முடிவில் பக்தியைவிடச் சொத்துக் கணக்குத்தான் அதிகம் என்பது என் எண்ணம். அந்தச் சொத்தில் லட்லோ நகரின் பாதியும் அயர்லாந்தின் டிரிம் கோட்டையும் அடக்கம். ஜோனின் பாட்டனார் ஜெஃப்ரி 1308-இல் டிரிமிலிருந்த டொமினிக்கன் மடத்தில் துறவியாகச் சேர்ந்தபோது அயர்லாந்து நிலங்கள் இளந்தம்பதியின் கைக்கு வந்துவிட்டன. அவற்றைக் காக்கப் போன இடத்தில்தான் ரோஜர் போர்க்கலையைக் கற்றார். 1315-இல் அயர்லாந்தின் கெல்ஸில், ஸ்காட்லாந்து மன்னரின் தம்பி எட்வர்ட் புரூஸிடம் படுதோல்வி அடைந்தவர், அடுத்த ஆண்டே அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார்.

கேள்வி: கோபுரச் சிறையிலிருந்து அவர் தப்பிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? அவர் ஏன் சிறைப்பட்டார்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டாம் எட்வர்டின் செல்வாக்குப் பெற்ற பிரபு ஹியூ டெஸ்பென்சர், எல்லைப்பகுதி நிலங்களை ஒவ்வொன்றாக வளைத்துப்போட்டதே காரணம். டெஸ்பென்சரின் பாட்டனார் ஈவ்ஷாம் போரில் மார்டிமர் தரப்பால் கொல்லப்பட்டவர் என்ற பழைய பகையும் சேர்ந்துகொண்டது. 1321-இல் எல்லைப்புறப் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1322 ஜனவரியில் ரோஜரும் அவருடைய சிற்றப்பா, சர்க் பிரபுவும் ஷ்ரூஸ்பரியில் அரசரிடம் சரணடைந்தார்கள். மரண தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. சிற்றப்பா 1326-இல் சிறையிலேயே இறந்தார்.

1323 ஆகஸ்ட் 1, சங்கிலியில் கட்டுண்ட புனித பேதுருவின் திருநாள். கோபுரத்தின் துணைக் காவலதிகாரி ஜெரார்ட் டி ஆல்ஸ்பே ரோஜருக்குக் கையாளாகியிருந்தார். விருந்தில் காவலர்களின் மதுவில் மயக்கமருந்து கலந்தது அவர்தான். அறைச்சுவரில் போட்ட துளை வழியே சமையற்கூடத்துக்குள் புகுந்து, கயிற்றேணிகளால் மதில்களைக் கடந்து, படகில் தேம்ஸைத் தாண்டி, மறுகரையில் காத்திருந்த குதிரைகளில் தென்கடற்கரைக்கு விரைந்து, பிரான்சுக்குக் கப்பலேறினார். பேதுருவும் சிறைமீண்டவர் அல்லவா? பின்னாளில் ரோஜர் லட்லோ கோட்டையின் வெளிமுற்றத்தில் அவர் பெயரிலேயே ஓர் ஆலயம் எழுப்பினார். அதன் சிதைவுகள் இன்றும் இருக்கின்றன.

கேள்வி: கணவர் தப்பிவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள்?
– வாசகி, மதுரை

பதில்: வந்த கடிதங்களில் என்னை நிறுத்தி வைத்த கேள்வி இதுதான். மார்டிமரைப் பற்றி எழுதுபவர்கள் கயிற்றேணியோடு சேர்ந்து பிரான்சுக்குப் போய்விடுகிறார்கள். ஜோன் இங்கிலாந்திலேயே விடப்படுகிறார்.

ரோஜருக்கும் ஜோனுக்கும் நான்கு மகன்கள், எட்டு மகள்கள் என்று பன்னிரண்டு பிள்ளைகள். ரோஜர் சரணடைந்த உடனேயே ஜோன் காவலில் வைக்கப்பட்டார். கணவர் தப்பியபின் காவல் இறுகியது. 1324-இல் அவர் தம் சொந்த ஊரிலிருந்து வெகுதொலைவிலுள்ள யார்க்‌ஷையரின் ஸ்கிப்டன் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார். மகன்கள் வின்ட்சர் கோட்டையில் அடைபட்டார்கள். மகள்களில் மார்கரெட் ஷோல்டம் மடத்துக்கும், ஜோன் செம்ப்ரிங்ஹாமுக்கும், இசபெல்லா சிக்சாண்ட்ஸுக்கும் தனித்தனியே அனுப்பப்பட்டார்கள். மார்கரெட் அப்போதே தாமஸ் பெர்க்லி என்ற பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்த மருமகனும் சிறையில் இருந்தார். தகப்பன் செய்த கிளர்ச்சிக்காகப் பெண்பிள்ளைகளை ஆளுக்கொரு மடத்தில் பூட்டிவைப்பது சட்டப்படியான தண்டனை அல்ல. அரசரின் கோபத்துக்குச் சட்டம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

1326-இல் ரோஜர் படையோடு திரும்பியபின் குடும்பத்துக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் அவர் திரும்பி வந்தது இரண்டாம் எட்வர்டின் மனைவியான அரசி இசபெல்லாவோடு, அவருடைய காதலராக. ஜோன் இதை எப்படி ஏற்றார் என்பதற்கு அவர் வாய்மொழி ஒன்றும் எஞ்சவில்லை. அவருடைய செயல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ரோஜர் தூக்கிலிடப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1332-இல், உடலை விக்மோருக்கு மாற்ற அனுமதி கேட்டு மனுச் செய்தவர் ஜோன்தான். மன்னர் மறுத்துவிட்டார். 1336-இல் ஜோனுக்கு முழு மன்னிப்பு கிடைத்தது. லட்லோவைத் திரும்பப் பெற்று, இருபது ஆண்டுகள் அதை ஆண்டு, 1356 அக்டோபர் 19 அன்று எழுபது வயதில் காலமானார். 1330-இல் அவருடைய கணவர் கைதான தேதியும் அதே அக்டோபர் 19.

இந்த வீட்டுப் பெண்களில் ஒருவரை இன்றும் முகத்துக்கு முகம் பார்க்கலாம். கடைசி மகள்களில் ஒருவரான பிளான்ச், பீட்டர் கிராண்டிசனை மணந்து 1347-இல் இறந்தார். ஹெரிஃபோர்ட்ஷையரின் மச் மார்க்கில் தேவாலயத்தில் அவருடைய கற்சிலை கல்லறைமேல் கண்மூடிக் கிடக்கிறது: கையில் ஜெபமாலை, இறுகிய சட்டைக்கையில் வரிசையாகப் பொத்தான்கள், கல்லறையின் விளிம்பைத் தாண்டி மடிந்து தொங்கும் பாவாடை. 2014-இல் அதைச் செப்பனிடப் பிரித்தபோது, உள்ளேயே அவருடைய ஈயச் சவப்பெட்டி இருந்தது. அக்காலக் கல்லறைகளில் உடலைத் தரைக்குக் கீழே புதைப்பதே வழக்கம் என்பதால் ஆய்வாளர்களே வியந்துபோனார்கள்.

கேள்வி: இரண்டாம் எட்வர்டைக் கொன்றவர் மார்டிமர்தானா? பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பிக் கதை மெய்யா?
– வாசகர், ஈரோடு

பதில்: 1326 செப்டம்பரில் இசபெல்லாவும் மார்டிமரும் சஃபோக் கரையில் இறங்கினார்கள், நவம்பரில் டெஸ்பென்சர் ஹெரிஃபோர்டில் கொல்லப்பட்டார், 1327 ஜனவரியில் எட்வர்ட் முடியிழந்தார். அவரை அடைத்துவைத்த பெர்க்லி கோட்டை, மேலே சொன்ன மருமகன் தாமஸ் பெர்க்லியுடையது. அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று அவர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை உடலுக்குள் செலுத்திக் கொன்றார்கள் என்ற கதை பிற்கால வரலாற்றேடுகளில் வளர்ந்தது. அதை நம்புவதற்கு ஆதாரம் போதாது. 1330-இல் நாடாளுமன்றம் மார்டிமர்மீது சுமத்திய குற்றங்களில் இந்தக் கொலையும் ஒன்று. அதே நாடாளுமன்றத்தில் மருமகனை விசாரித்தபோது, எட்வர்டின் மரணத்தைப் பற்றி இந்த நாடாளுமன்றத்தில்தான் தமக்குத் தெரிய வந்தது என்று அவர் சொன்னாராம்! தம் கோட்டையில் மன்னர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒருவர் சொன்ன இந்த வாக்கியத்தை வைத்து, எட்வர்ட் அப்போது சாகவேயில்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பெரும்பான்மையினர் அதை ஏற்பதில்லை.

கேள்வி: தேசத்துரோகியாகத் தூக்கிலிடப்பட்டவரின் குடும்பம் அத்தோடு அழிந்துவிடவில்லையா?
– வாசகர், சேலம்

பதில்: அழியவில்லை. 1328-இல் மார்டிமர் தமக்கு ‘மார்ச் ஏர்ல்’ என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டார். மார்ச் என்பது அந்த எல்லைப்பகுதி முழுவதையும் குறிப்பது. அதற்கு முன் எந்தப் பிரபுவும் அப்படிப் பட்டம் சூடத் துணிந்ததில்லை. அவருடைய மகன் ஜெஃப்ரியே தந்தையை ‘மடமையின் அரசர்’ என்று எள்ளியதாக ஒரு வரலாற்றேடு சொல்கிறது. 1330 மார்ச்சில் இரண்டாம் எட்வர்டின் தம்பி கென்ட் பிரபுவின் தலையை வாங்கியதோடு எல்லை மீறிவிட்டது. தந்தைக்குப் பின் மன்னரான பதினேழு வயது மூன்றாம் எட்வர்டின் நண்பர் வில்லியம் மாண்டகு, அக்டோபர் 19 இரவு நாட்டிங்ஹாம் கோட்டைக்குள் சுரங்கவழியாகப் புகுந்து அவரைப் பிடித்தார். நாடாளுமன்றத்தில் வாய்திறந்து ஒரு சொல் பேச அவருக்கு அனுமதியில்லை. நவம்பர் 29 அன்று லண்டனின் தூக்குமேடை இடமான டைபர்னில் தூக்கு.

மூத்த மகன் எட்மண்ட் ஓராண்டு சற்றே கடந்ததும் இறந்துவிட, அவருடைய விதவை எலிசபெத், நாட்டிங்ஹாம் கைதில் பங்கெடுத்த வில்லியம் டி போஹனை மறுமணம் செய்துகொண்டார். பேரன் ரோஜர் மணந்ததோ வில்லியம் மாண்டகுவின் மகள் பிலிப்பாவை. தாத்தாவைப் பிடித்துக் கொடுத்தவர் மாமனார்! இந்தப் பேரன் 1346-இல் கிரேசிப் போரில் போரிட்டு, மூன்றாம் எட்வர்ட் நிறுவிய கார்ட்டர் வீரர் குழுவின் முதல் உறுப்பினர்களில் ஒருவரானார். 1354-இல், வாய்ப்பேச்சு கேட்காமலே பாட்டனாருக்கு வழங்கிய தீர்ப்பு செல்லாது என்று நாடாளுமன்றத்திலேயே ரத்துசெய்ய வைத்து, மார்ச் ஏர்ல் பட்டத்தை மீட்டார். பாட்டி ஜோன் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

கேள்வி: இன்றைய பிரித்தானிய அரச குடும்பத்துக்கும் மார்டிமருக்கும் ரத்த உறவு உண்டா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்டு. அந்தப் பேரனின் மகன், மூன்றாம் எட்வர்டின் பேத்தியை மணந்தார். அவ்வழியில் வந்த ஆன் மார்டிமரின் பேரன்தான் 1461-இல் முடிசூடிய நான்காம் எட்வர்ட். அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் வென்ற மார்டிமர்ஸ் கிராஸ் போர்க்களம் விக்மோரிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது. நான்காம் எட்வர்டின் மகள் எலிசபெத் பெற்ற மகள் மார்கரெட்டின் வழிவந்ததே இன்றைய அரச குடும்பம். எலிசபெத் பெற்ற மகன் எட்டாம் ஹென்றி. எல்லைப்புறப் பிரபுக்களின் தனியுரிமையை 1536-இல் ஒழித்தவரும் அவரே.