சரிவான தரையும் மைதானம்தான்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயை ஒட்டிய திடலில் வாரந்தோறும் கால்பந்து ஆடுகிறோம். கேலரியோ சுற்றுச்சுவரோ கிடையாது. தரையும் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. இதையெல்லாம் மைதானம் என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். உலகிலேயே மிகப் பழைய கால்பந்து மைதானம் எது? அது எப்படித் தொடங்கியது?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்களிடம் அப்படிக் கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர விளிம்பில் இருக்கும் சாண்டிகேட் மைதானத்தின் கதையைச் சொல்லுங்கள். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டிருப்பது அதைத்தான். அதன் தரையும் சரிவானதே.

1804-இல் அது ஹாலம் என்ற சிற்றூரின் கிரிக்கெட் திடலாகத் தொடங்கியது. 1860-இல் அந்த ஊர்க்காரர்கள் கால்பந்துக்கும் ஓர் அணி சேர்த்து, 1857-இல் உருவாகியிருந்த ஷெஃபீல்டு அணியை ஆட அழைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பனி மூடிய தரையில் ஹாலம் அணியினர் நீல உடையிலும் ஷெஃபீல்டு அணியினர் சிவப்பு, வெள்ளை உடையிலும் இறங்கினார்கள். பக்கத்துக்குப் பதினாறு பேர். விருந்தினர்களே 2–0 என்று வென்றார்கள். கால்பந்துக்குப் பொது விதிகளை வகுத்த இங்கிலாந்துச் சங்கம் பிறந்ததே 1863-இல்தான் என்பதால், அன்று அவர்கள் ஆடியது ஷெஃபீல்டுக்காரர்கள் 1858-இல் தாங்களே எழுதிக்கொண்ட விதிகளின்படி.

உலகின் மிகப் பழைய கழகமான ஷெஃபீல்டு அணி வெகுகாலம் சொந்தத் திடல் இல்லாமல் இடம் மாறிக்கொண்டே இருந்து, 2001-இல்தான் அருகிலுள்ள டிரான்ஃபீல்டு என்ற சிறு நகரத்தில் குடியேறியது. ஹாலம் அணியோ இன்றும் சாண்டிகேட்டில்தான் ஆடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

சரிவைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டியதே இல்லை. மேலூர்ப் பக்கம் கோடையில் வற்றிய கண்மாய்க்குள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கே உதைத்தாலும் பந்து மடைப் பக்கமே உருளும் என்பதால், டாஸ் வென்ற அணி கரையை நோக்கித் தாக்கும் பக்கத்தையே கேட்டு வாங்கும், இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் மேட்டை நோக்கி மூச்சு வாங்க ஓடும். அந்தத் தரை அவர்களுக்கு அத்துப்படி.

சாண்டிகேட்டின் முதல் ஆட்டத்தைப் பற்றி இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அன்று உள்ளூர்ச் செய்தித்தாள் அதை எழுதி வைத்ததுதான். உங்கள் திடலில் முதன்முதலாகக் கோல் கம்பம் நட்டவர்கள் யார், எந்த ஆண்டு நட்டார்கள், முதலில் எந்த ஊர் அணி வந்து ஆடியது என்பதை, சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வார ஆட்டத்தின் தேதியையும் கோல் கணக்கையும் அதன் கீழேயே எழுதுங்கள்.