கோயில் சிற்பம் எடுக்க ஸ்டெபிலைசர் உள்ள பிரைம் லென்ஸ் தேவையா?

வாசகர் ஒருத்தர் கேட்டது: கேனான் ஆர்10 வச்சிருக்கேன், கூட வந்த 18-45 கிட் லென்ஸ்தான் ஓடுது. கோயில் மண்டபத்துல சிற்பம் எடுக்கறது ரொம்ப பிடிக்கும், எப்பவாவது அக்கா பொண்ணு பரதநாட்டியம் ஆடறதையும் எடுப்பேன். பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், ஆர்எஃப் 50 எம்எம் எஃப்/1.8 போதுமா, இல்ல ஸ்டெபிலைசரோட (கை ஆடறத சமாளிக்கற அமைப்பு) வர்ற ஆர்எஃப் 35 எம்எம் எஃப்/1.8 வாங்கணுமா? 35 விலை ரெண்டு மடங்குக்கு மேல இருக்கே?

காசை எடுக்கறதுக்கு முன்னாடி உங்க பழைய படங்களை திறந்து, கெட்டுப்போனதை மட்டும் பெருசு பண்ணி பாருங்க. தூணு, சுவர், சிலை எல்லாமே ஒரே பக்கமா இழுத்த மாதிரி இருந்தா அது உங்க கை ஆடுனது. தூணு கல்லு மாதிரி நிக்குது, ஆனா பொண்ணோட கையும் ஜடையும் மட்டும் கலங்கியிருக்குன்னா அது அவ ஆடுனது. ஸ்டெபிலைசர் முதல் வகையைத்தான் சரி பண்ணும், ரெண்டாவதை ஒண்ணுமே பண்ணாது, இத புரிஞ்சுக்காம காசு போட்டுட்டு வருத்தப்படறவங்கதான் அதிகம்.

இப்போ சிற்பத்துக்கு வருவோம். ஆர்10 பாடிக்குள்ள ஸ்டெபிலைசர் கிடையாது, ஆனா உங்க கிட் லென்ஸ்ல இருக்கு, இத நிறைய பேர் மறந்துடறாங்க. ஆர்10 சென்சார் சின்னதுங்கறதால 35 எம்எம் வச்சா கிட்டத்தட்ட 56 எம்எம் பார்வை, பார்வை எத்தனை எம்எம்மோ நொடியில அத்தனைல ஒரு பங்கு ஷட்டர்ங்கறது பொதுக் கணக்கு, அதனால கையில பிடிச்சு எடுக்க சுமாரா 1/60 நொடி வேணும். ஸ்டெபிலைசர் இருந்தா 1/8 வரைக்கும் இறங்கலாம், கேனான் இந்த 35க்கு 5 ஸ்டாப்னு சொல்றாங்க (ஒரு ஸ்டாப்னா ஷட்டரை ரெண்டு மடங்கு மெதுவாக்கலாம்), நான் 3 ஸ்டாப்தான் நம்பி கணக்கு போடுவேன், மூச்சு வாங்கற கூட்டத்துல நின்னு எடுக்கும்போது அதுவே பெரிய விஷயம்.

எஃப் எண் சின்னதா இருந்தா லென்ஸ் அதிகமா திறந்து வெளிச்சம் கூட வரும். அந்த கணக்குல பாத்தா, கிட் லென்ஸ்ல எஃப்/5.6, 1/8னு வச்சா என்ன வெளிச்சம் வருதோ, ஸ்டெபிலைசர் இல்லாத லென்ஸ்ல எஃப்/1.8, 1/60னு வச்சா கிட்டத்தட்ட அதே வெளிச்சம்தான் வருது. அதாவது அசையாத சிலைக்கு 50ஐ வாங்கினா ஐஎஸ்ஓவுல (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற எண்) உங்களுக்கு லாபமே இல்ல, 50க்கு இன்னும் வேகமா 1/80 தேவைப்படறதால கொஞ்சம் நஷ்டம்தான். ஆனா 35ல எஃப்/1.8, 1/8 ரெண்டும் சேர்ந்து கிடைக்குது, கிட் லென்ஸ்ல ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்துல 800 வச்சாலே போதும். கல்லோட சொரசொரப்பு, உளி பட்ட கோடு எல்லாம் 6400ல நாய்ஸோட, அதாவது பொடிப் புள்ளிகளோட கலந்து மாவு மாதிரி ஆயிடும், 800ல அப்படியே நிக்கும்.

தாராசுரம் போயிருப்பீங்க, முன் மண்டபத்து தூண்கள்ல உள்ளங்கை அளவுல, சிலது அதுக்கும் சின்னதா சிற்பம் இருக்கும். அந்த மாதிரி இடத்துக்கு இந்த 35 இன்னொரு விதத்துலயும் உதவும், 17 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போய் ஃபோகஸ் பண்ணும், 50 ஆனா 30 சென்டிமீட்டர்லயே நின்னுடும். அவ்வளவு கிட்ட போனா எஃப்/1.8ல மூக்கு ஷார்ப்பா இருக்கும் காது கலங்கிடும், எஃப்/4, 5.6னு மூடித்தான் ஆகணும், மூடினா ஷட்டர் மெதுவாகும், அங்க ஸ்டெபிலைசர் இல்லாம முடியாது. ரொம்ப கிட்ட போகும்போது அதோட பலன் குறையும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, உடம்பு முன்னும் பின்னும் ஆடறத எந்த ஸ்டெபிலைசரும் பிடிக்காது, முழங்கையை விலாவுல ஒட்டி வச்சுக்கோங்க. டிரைபாட் வச்சா தீர்ந்துதேன்னு கேக்கலாம், ஆனா தொல்லியல் துறை பாதுகாக்கற கோயில்கள்ல அதுக்கு தனியா அனுமதி வாங்கணும்.

நாட்டியம் வேற கதை. அடவு பிடிக்க குறைஞ்சது 1/250, சுத்தும்போது 1/500 வேணும், அந்த வேகத்துல ஸ்டெபிலைசர் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், ரெண்டு லென்ஸும் 1.8ங்கறதால வெளிச்சமும் ஒண்ணுதான். 80 எம்எம் பார்வை தர்ற 50 மேடைக்கு இன்னும் வசதி, எடையும் 160 கிராம்தான். நீங்க முக்கியமா நாட்டியம் எடுக்கறவரா இருந்தா கண்ண மூடிட்டு 50 வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன். ஆர்7 மாதிரி உள்ளயே ஸ்டெபிலைசர் இருக்கற பாடிக்கு சீக்கிரம் மாறப் போறீங்கன்னாலும் இந்த 35க்கு அவசரப்படாதீங்க, அங்க எல்லா லென்ஸுக்கும் அது கிடைச்சுடும். ரெண்டும் இல்ல, ஆர்10லயே கோயில் கோயிலா சுத்தப் போறேன்னா 35க்கு குடுக்கற காசு தகும்.

சந்தேகம் இருந்தா செலவே இல்லாம ஒரு சோதனை. கிட் லென்ஸை 35ல வச்சு, சாயங்காலம் லைட் போடறதுக்கு முன்னாடி சுவத்துல மாட்டியிருக்கற தினசரி காலண்டரை 1/8ல பத்து படம் எடுங்க, அப்புறம் மெனுல ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு பத்து. ராகு காலம், எமகண்டம்னு போட்டிருக்கற பொடி எழுத்து எத்தனை படத்துல படிக்க முடியுதுன்னு எண்ணுங்க, அந்த வித்தியாசத்துக்குத்தான் நீங்க காசு குடுக்கப் போறீங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாலும் இதே சோதனையை கடையிலயே பண்ணுங்க. நான் ஒரு தடவை கண்ணாடியில கீறல் இருக்கா, பூஞ்சை இருக்கான்னு மட்டும் பாத்துட்டு ஒரு லென்ஸை வாங்கிட்டு வந்துட்டேன், வீட்டுல வச்சு பாத்தா பட்டனை பாதி அழுத்தினதும் படம் மெல்ல மெல்ல ஒரு பக்கமா நகருது, உள்ள ஸ்டெபிலைசர் போயிருந்துச்சு, கடைக்காரர் திருப்பி எடுத்துக்கல. அதனால வியூஃபைண்டர்ல கண்ண வச்சு பாதி அழுத்தி பாருங்க, ஆடற படம் டக்குனு அடங்கி நிக்கணும், நகந்தா அத வாங்காதீங்க.