நிலத்தை விற்பதற்கு முன்

தம்பி, மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டுக்குக் குடிவந்து ஓராண்டு நிறைவதற்குள் உங்கள் மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு இடங்கள் கிடைத்திருப்பது உண்மையிலேயே மகிழ்ச்சி. ஐவி லீக் (அமெரிக்காவின் பெயர்பெற்ற எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள்) பல்கலைக்கழகத்துக்கு முழுப் பணமும் கட்டுவதா, கல்விக் கட்டணம் முழுவதையும் உதவித்தொகையாகத் தரும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா, முன்னதற்காக ஊர் நிலத்தை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்க வேண்டாம். தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (மலேசிய ரிங்கிட்) திரட்டித் தோட்டங்களை வாங்கவைத்த, மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் இது. இங்கே யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் நான் சொல்வதற்குக் காரணம் என் கணக்குப் புத்தகம்.

1993-இல் திருமயத்திலிருந்து ஜவுளிக்கடைக்குக் கணக்கெழுத வந்தவன் நான். என் மகள் இதேபோன்ற உதவித்தொகையில் 2014 ஆகஸ்டில் புறப்பட்டபோது டாலர் 3.20 வெள்ளியை ஒட்டி இருந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் 4.40-ஐத் தாண்டிவிட்டது. விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு மட்டுமே எங்கள் பொறுப்பு. அதற்கே, ஆயிரம் டாலருக்கு 3,200 என்று எழுதியிருந்த வரிகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்து 4,400 என்று திருத்தினேன். நீங்கள் சொல்லும் ஐவி லீக் பல்கலைக்கழகத்தில் எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலருக்குக் குறையாது, நான்காண்டுக்கு 340,000. உங்கள் நிலத்தின் விலை ரூபாயில், சம்பளம் வெள்ளியில், கட்டணமோ டாலரில்.

மதிப்பெண்ணைக் காட்டி அங்கே குறைக்கச் சொல்லவும் வழியில்லை. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. படித்து முடித்ததும் சம்பாதித்துக் கடனை அடைக்கலாம் என்பதும் உறுதியில்லை. மாணவர் விசாவில் பட்டத்துக்குப் பிறகு 12 மாதம் வேலை பார்க்கலாம், அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம். அதன்பின் அங்கேயே வேலையில் தொடர வேண்டிய எச்-1பி விசா பெரும்பாலும் குலுக்கலில்தான். பெரிய பெயர் சில வாசல்களை எளிதில் திறக்கும் என்பதை மறுக்க மாட்டேன். பொறியியல் படிக்கப்போகும் பிள்ளைக்கு அதற்காக இவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உதவித்தொகைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். என் மகளுக்கு மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.5-க்குக் குறையக்கூடாது என்றிருந்தது; இரண்டாமாண்டில் 3.46 வாங்கினாள். ஒரு பருவம் அவகாசம் கொடுத்தார்கள், அந்த நான்கு மாதமும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அதனால் எத்தனை பருவங்களுக்குத் தருவார்கள், சராசரி சறுக்கினால் அவகாசம் உண்டா, துறை மாறினால் தொடருமா, ஆண்டுதோறும் கட்டணம் ஏறும்போது உதவித்தொகையும் ஏறுமா என்று மகளையே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். இருவரும் உட்கார்ந்து நான்காண்டுக்கும் கணக்குப் போடுவோம்.